பழவேற்காட்டின் பாடு

திருப்பாலைவனம் என்ற பெயரைக் கேட்டவுடன் ஒட்டகமும் மணற்குன்றும் நேயர்களின் மனக்கண் முன் வந்து நின்றால் அது அவர்களுடைய குற்றமல்ல. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புஸ்தகத்தின் குற்றம். இந்த ஊர்ப் பெயரில் இருக்கும் பாலை ஒரு மரத்தின் பெயர். இங்கே கோயில் கொண்டிருக்கும் திருப்பாலீஸ்வரருக்கு ஸ்தல விருட்சமும் பாலை மரந்தான். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் இவ்வூர் இருக்கிறது. சுற்றிலும் நெல் விளையும் பூமி. கிழக்கே சில மைல் போனால் பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் வரப்பு. அந்த வரப்பின் மேலும் ஏரிக் கரையிலுமாக மீனவர் குப்பங்கள். சென்னையிலிருந்து சுமார் முப்பத்தைந்து மைல் தூரந்தான். ஆனால் சென்னைவாசிகளில் பலருக்குப் பழவேற்காடு என்றால் பூநாரைப் பறவைகளின் ஞாபகம் வருமே தவிர, அங்கே மனிதர்கள் வியாபாரம் செய்து பிழைக்கிறார்கள் என்ற ஞாபகம் வருவதில்லை.

நாம் சமீபத்தில் அந்தப் பக்கம் போயிருந்தபோது வியாபாரிகளின் க்ஷேமத்தை விசாரித்து வந்தோம். வியாபாரிகள் என்று நாம் சொல்வது, தினசரிப் பத்திரிகைகளில் பங்கு மார்க்கெட் பக்கத்தில் படத்துடன் பிரசுரமாகிறவர்களை அல்ல. வலையும் கயிறும் விற்பவர், ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுப்பவர், மளிகைக் கடைக்காரர், படகு என்ஜின் பழுது பார்ப்பவர், இறாலையும் நண்டையும் எடை போட்டு வாங்கிப் பட்டணத்துக்கு லாரியில் அனுப்புகிறவர், தலையில் கூடை சுமந்து தெருத் தெருவாக மீன் விற்கும் ஸ்திரீகள் - இவர்களும் வர்த்தக சமூகந்தான். இவர்களுடைய சங்கங்களுக்கு வெள்ளைக் கல் கட்டிடம் இல்லை என்பதைத் தவிர, வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. லாப நஷ்டக் கணக்கு இவர்களுக்கும் உண்டு. இரவில் தூக்கம் வராமல் புரளும் வழக்கமும் உண்டு.

"வியாபாரம் எப்படி?" என்று மளிகைக் கடைக்காரர் ஒருவரைக் கேட்டோம்.

"என்னை எதுக்குங்க கேக்கறீங்க? ஏரியைக் கேளுங்க ஐயா" என்றார் அவர்.

வலைக் கடைக்காரர், "முகத்துவாரத்தைக் கேக்கணும்" என்றார். ஐஸ் வியாபாரியோ, "பட்டணத்து ஏஜெண்டைக் கேட்டால் தெரியும்" என்றார். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சற்று இளைப்பாறிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, "எல்லாரும் வந்து கேட்டுட்டுத்தான் போறீங்க, பதில் சொல்றவங்க யாரும் இந்தப் பக்கம் வரக் காணோமே!" என்று நம்மை ஒரு பிடி பிடித்தாள்.

இந்த நாலு பதில்களையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஒவ்வொருவரும் தம்முடைய வியாபாரத்தின் கதியை வேறு ஒரு இடத்தில் தேடுகிறார்கள். தம் கையில் தம் வியாபாரம் இல்லை என்பதை அவர்கள் நன்றாய் அறிந்திருக்கிறார்கள். வியாபாரத்தில் வரவும் செலவும் ஏறுவதும் இறங்குவதும் உலகத்து இயற்கை. ஆனால் நாளைக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலைமை இருக்கிறதே, அது நஷ்டத்தைக் காட்டிலும் கொடியது. நஷ்டமாவது கணக்கில் எழுதி முடித்துவிடக் கூடியது. நிச்சயமின்மையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

*

முதலில் முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பழவேற்காட்டு ஏரி இந்தியாவில் உள்ள உப்பங்கழிகளில் இரண்டாவது பெரியது. ஒரிஸ்ஸாவிலுள்ள சிலிகா ஏரிதான் முதலாவது. ஏரியின் பெரும் பாகம் ஆந்திர தேசத்தில் இருக்கிறது. தெற்குக் கோடி நம்முடையது. நீளம் சுமார் 60 கிலோமீட்டர் இருந்தாலும் ஆழம் அநேகமாய் ஓர் ஆள் உயரங்கூட இராது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி முதலிய ஆறுகள் நல்ல நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடல் உப்பு நீரைக் கொண்டுவருகிறது. இரண்டும் சரியான அளவில் கலந்தால்தான் ஏரியில் ஜீவன் இருக்கும்.

வெள்ளை இறாலின் வாழ்க்கையைப் பாருங்கள். அது கடலிலே பிறக்கிறது. குஞ்சாக இருக்கும்போது முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது. பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. ஆகவே முகத்துவாரம் அடைந்துவிட்டால், தாய் வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே கதவைச் சாத்தியது போல ஆகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு போய்க் கடலைத் திறந்துவிடும். கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து கொட்டி அந்த வாயிலை மூடிவிடும். அப்பொழுது ஏரியில் உப்பு ஏறும், இறால் குறையும், கடலுக்குப் போகவேண்டிய படகுகளும் மணலில் தட்டி நிற்கும். பல தடவை மீனவர்கள் தங்களுக்குள் பணம் வசூலித்து, தாங்களே மணலை வெட்டித் திறந்திருக்கிறார்கள்.

இரு பக்கமும் கல்லால் அலைச் சுவர் எழுப்பி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கவேண்டும் என்பது குப்பத்து ஜனங்களின் நெடுங்காலக் கோரிக்கை. சுமார் 27 கோடி ரூபாயில் அப்படி ஒரு வேலையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ம் வருஷத்திலிருந்து பறவைகள் சரணாலயம் ஆகையால், வன இலாகாவின் சம்மதம், டில்லியின் சம்மதம் என்று பல படிகள் ஏற வேண்டியிருந்தது. பறவைகளின் நன்மைக்காகச் சட்டம் இருப்பது நியாயந்தான். ஆனால் முகத்துவாரம் அடைந்து மீன் செத்தால் பறவைக்கு மட்டும் இரை எங்கிருந்து வரும்? காகிதம் மேஜைக்கு மேஜை பிரயாணம் செய்துகொண்டிருந்த வருஷங்களிலும் மணல் லீவு எடுத்துக்கொள்ளவில்லை.

முகத்துவாரம் ஒன்று மூடினால் எத்தனை கதவுகள் மூடுகின்றன என்பதைக் கடைத்தெருவில் பார்க்கலாம். இறால் இல்லையென்றால் ஐஸ் வேண்டாம். ஐஸ் வேண்டாமென்றால் லாரி வேண்டாம். வலை கிழிந்தால் புது வலைக்குப் பதிலாகப் பழைய வலைக்கு ஒட்டு. மளிகைக் கடையில் அரிசி மூட்டை இளைக்கிறது. கடன் நோட்டு மட்டும் பருக்கிறது. நகையை அடகு பிடிக்கும் கடை ஒன்றில்தான் கூட்டம். ஒரு சிற்றூரின் பொருளாதார சாஸ்திரம் முழுவதும் இந்த நாலு கடை வாசல்களில் அடங்கியிருக்கிறது.

*

வெகு தூரத்தில் யாரோ செய்யும் தீர்மானத்துக்காக இங்கே உள்ளவர்கள் காத்துக் கிடப்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் சோழ மண்டலக் கரையிலேயே பெயர் பெற்ற துறைமுகங்களில் இதுவும் ஒன்றாயிருந்தது. அராபிய வம்சத்து முஸ்லிம் வர்த்தகர்கள் இங்கே குடியேறினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். அவர்கள் காலத்து மகிமை மாதா கோயில் இன்றும் இவ்வூரில் வழிபடப்படுகிறது. 1610-ம் வருஷத்தில் ஒல்லாந்தர்கள் விஜயநகர மன்னரிடம் அனுமதி பெற்றார்கள். 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள்.

அந்த ஒல்லாந்தக் கும்பினியின் முத்திரையில் இருந்த எழுத்துக்கள் வி.ஓ.சி. என்பதாகும். நம்முடைய வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துக்களைப் பெயரில் சுமந்துகொண்டு அதற்கு நேர் விரோதமான காரியத்தைச் செய்தார் என்பதை நினைத்தால் சரித்திரத்துக்கும் ஹாஸ்யம் தெரியும் என்று தோன்றுகிறது.

பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஏறிய துணி கிழக்கிந்தியத் தீவுகள் வரை போயிற்று. சுற்றுப்புறத்து நெசவாளரின் கட்டம் போட்ட துணிக்கு அங்கே இருந்த மதிப்பைச் சொல்ல ஒரு சாட்சி போதும்: மலாய்க்காரர்கள் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்று அழைக்கிறார்கள், பெலிக்காட் என்பது நமது பழவேற்காடுதான். கும்பினிக் கப்பல்கள் துணியை மட்டும் ஏற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்தில் அடிபட்ட ஏழை ஜனங்களையும் அடிமைகளாக இந்தக் கரையிலிருந்து பதேவியாவுக்கு ஏற்றிப் போனார்கள். லாபம் கிடைக்குமானால் சரக்குக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் பாராத வியாபாரம் அது.

பிறகு என்ன ஆயிற்று? 1690-ல் ஒல்லாந்தர்கள் தங்கள் தலைமை ஸ்தானத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். தெற்கே ஆங்கிலேயரின் சென்னைப் பட்டணம் நாளுக்கு நாள் வளர்ந்தது. பழவேற்காட்டைப் பல தடவை கைமாற்றி, கடைசியாக 1825-ல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஊரைக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் ஐரோப்பாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். தறியில் உட்கார்ந்திருந்தவனை யாரும் கேட்கவில்லை. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும் இருக்கின்றன. ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டத்தைப் புதைபொருள் இலாகா காத்து வருகிறது. வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளின் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தங்களை நம்பி மார்க்கெட் நடத்தியவர்களுக்கு அந்தக் கும்பினி விட்டுச் சென்ற முகவரிச் சீட்டு அதுதான் போலும்!

பின்னால் வந்த நூற்றாண்டில் பக்கிங்ஹாம் கால்வாய் ஊருக்கு மறுபடி சிறிது உயிர் கொடுத்தது. விறகும் கிளிஞ்சலும் படகு படகாகச் சென்னைக்குப் போயின. ரயிலும் லாரியும் வந்தபின் அந்தக் கால்வாயும் தூர்ந்தது. ஆக, இந்த ஊர் மூன்று நான்கு வியாபாரங்களைப் பெற்று, வளர்த்து, அடக்கம் செய்திருக்கிறது. மிச்சம் இருப்பது மீன் ஒன்று. அதனால்தான் அதைப் பற்றிப் பேசும்போது இவ்வூர் ஜனங்களின் குரல் சற்று நடுங்குகிறது.

*

இப்பொழுது அவர்களைக் கலக்கும் பெரிய விஷயம் துறைமுக விஸ்தரிப்பு. ஏரிக்குத் தெற்கே எண்ணூரில் அனல் மின்சார நிலையமும், 2001 முதல் ஒரு பெரிய துறைமுகமும் உண்டு. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம் கட்டப்பட்டது. அது 2018-ம் வருஷத்தில் அதானி கம்பெனியின் கைக்கு வந்தது. வருஷத்துக்குச் சுமார் 25 மில்லியன் டன் சரக்கைக் கையாளும் சக்தி வாய்ந்த அந்தத் துறைமுகத்தை 320 மில்லியன் டன்னுக்கு உயர்த்துவதென்று ஒரு திட்டம் தயாரித்தார்கள். ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இடம் வேண்டும் என்றும், அதில் ஒரு பாகத்தைக் கடலைத் தூர்த்து எடுப்பது என்றும் திட்டம் சொல்லிற்று. ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு 2021-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி நாள் குறித்தார்கள், தள்ளிப் போட்டார்கள். மறுபடி 2023-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி குறித்தார்கள். அதையும் தள்ளிப் போட்டார்கள்.

துறைமுகம் தேசத்துக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கப்பலோட்டிய தமிழனைக் கொண்டாடும் நாட்டில் யார்தான் அப்படிச் சொல்வார்கள்? குப்பத்து இளைஞர்களில் சிலருக்கும் மாதச் சம்பளத்தில் ஆசை இருக்கிறது. அந்த ஆசையைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? ஆனால் மீனவர்கள் சொல்லும் ஆட்சேபம் அறியாமையால் எழுந்ததல்ல. இந்தக் கடற்கரையில் அலைகள் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. நடுவே கடலுக்குள் சுவர் கட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இதைக் கண்ணால் கண்ட மீனவன், "எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் வரப்பு அறுந்தால் என்ன செய்வது?" என்று கேட்கிறான். என்ஜினீயர்கள் இதற்குச் சமாதானம் வைத்திருக்கலாம். அப்படியானால் அதைக் குப்பத்துக்கு வந்து தமிழில் சொல்லட்டும்.

நாம் இங்கே கவனிக்க வேண்டுவது வேறொன்று. துறைமுகம் வந்தாலும் ஒரு வழி, வராவிட்டாலும் ஒரு வழி. வருமா வராதா என்று வருஷக்கணக்கில் தொங்கவிடுவதுதான் கடைத்தெருவைக் கொல்லுகிறது. "ஐஸ் பெட்டிகளைப் பெரிசாக்கலாம் என்று இருந்தேன். இன்னும் அஞ்சு வருஷத்தில் இங்கே மீன்பிடி இருக்குமா என்று தெரியாமல் யார் கடன் வாங்குவார்கள்?" என்று ஒரு வியாபாரி நம்மிடம் சொன்னார். புதுப் படகுக்குப் பணம் போட மகனுக்குத் தைரியம் வரவில்லை. பழைய படகை விற்கத் தகப்பனுக்கு மனம் வரவில்லை. திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே ஊரில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பெரிய கம்பெனி காத்திருக்கலாம். அதற்குப் பத்து வருஷம் ஒரு கணக்கு வரி. மீன் கூடைக்காரிக்குப் பத்து நாள் என்பது பத்து அடுப்பு.

இதற்கு மாறான உதாரணமும் இந்த ஏரிக்கரையிலேயே இருக்கிறது. ஏரிக்குக் கிழக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவை ராக்கெட் தளத்துக்காக 1969-ல் தேர்ந்தெடுத்தார்கள். தேசத்தின் கீர்த்திக்காக அங்கே குடியிருந்தவர்கள் வீடு வாசலை விட்டு எழுந்தார்கள். அந்தத் தியாகத்தை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. ராக்கெட் கிளம்பும் நாட்களில் மீனவர் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வருகிறது. அன்றைய வருமானம் போச்சு. ஆயினும் அதைப் பற்றிக் கசந்து பேசுவோர் குறைவு. காரணம், முன்கூட்டியே தேதி சொல்லிவிடுகிறார்கள். அவ்வாறே கீழைக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு. அந்தத் தடையும் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது. தெரிந்த நஷ்டத்துக்கு மனிதன் தயார் செய்துகொள்வான். தெரியாத நஷ்டந்தான் அவனை முறிக்கிறது.

*

இனி சமுத்திரத்துக்கு அப்பால் இருந்து வரும் நிச்சயமின்மையைப் பார்ப்போம். 2023-24-ம் வருஷத்தில் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான கடல் உணவின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 40,000 கோடி, உறைந்த இறாலால் வந்தது. அதை எல்லோரிலும் அதிகமாக வாங்கியது அமெரிக்கா. 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி, இந்தியச் சரக்குகள் மேல் முதலில் 25 சதவிகிதமும் பிறகு மேலும் 25 சதவிகிதமுமாக வரியை உயர்த்தினார். ருஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்குவது இரண்டாவது 25-க்குக் காரணம் என்றார்கள். ருஷ்யாவின் எண்ணெய்க்கும் பழவேற்காட்டு இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இறாலும் அதையேதான் கேட்டிருக்கும்!

ஏற்றுமதியாகும் இறாலில் பெரும்பகுதி ஆந்திர தேசத்துக் குட்டைகளில் வளர்க்கும் வனாமி இறால் என்பது உண்மை. ஆனால் சந்தையில் ஒரு சரக்குக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்துச் சரக்குக்கும் உடம்பு சுடும். ஏற்றுமதிக்காரர் விலையைக் குறைத்தால் பட்டணத்து ஏஜெண்டு குறைக்கிறார். ஏஜெண்டு குறைத்தால் கரையில் நிற்கும் வியாபாரி குறைக்கிறார். அவருக்குக் கீழே குறைக்க யாரும் இல்லாதவன் மீன் பிடிப்பவன். அவனோ, படகுக்கும் வலைக்கும் அந்த வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருப்பான். சரக்கை அவரிடமே போட்டாக வேண்டும். கரை வியாபாரியையும் நாம் அரக்கனாகச் சித்திரிக்க விரும்பவில்லை. அவர் மேலே இருப்பவரிடம் கடன்பட்டிருக்கிறார். இப்படி ஒருவர் தலையில் ஒருவர் சுமையை இறக்கி வைக்க, கடைசியில் அது தண்ணீரில் நிற்பவன் தலையில் தங்குகிறது.

வதந்தியும் இதே வழியில்தான் இறங்குகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்தின் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய் பரவியது. பட்டணத்து வீடுகளில், "கொஞ்ச நாளைக்கு மீன் வேண்டாம்" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த ஒரு வாக்கியம் முப்பத்தைந்து மைல் வடக்கே போய்ச் சேரும்போது எத்தனை கூடைகள் திரும்பி வரும் என்பதைச் சொன்னவர் அறியமாட்டார். நாமும் பட்டணத்து வீட்டுக்காரர்கள்தான். ஆகையால் இதைச் சொல்கிறோம்.

*

இவ்வளவு நிச்சயமின்மைக்கு நடுவே இந்த ஜனங்கள் இத்தனை நூற்றாண்டுகள் எப்படிப் பிழைத்தார்கள்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த உபாயத்தின் பெயர் 'பாடு'. ஏரியில் எல்லா இடமும் ஒரே மாதிரி அல்ல. முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் இறால் மிகுதி. மற்ற இடங்களில் குறைவு. வல்லவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி. ஆகவே ஏரியைப் பாடுகளாகப் பிரித்தார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊராரும் கூடிப் பேசி, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, இன்ன நாள் இன்னார் இன்ன பாட்டில் வலை கட்டலாம் என்று ஒழுங்கு செய்தார்கள். இன்று நல்ல இடத்தில் கட்டியவன் நாளை சுமாரான இடத்துக்குப் போவான். அதிர்ஷ்டத்தை ஒழிக்க மனிதனால் முடியாது. ஆனால் அதை எல்லோர் வீட்டு வாசலுக்கும் முறைவைத்து அனுப்ப முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்ற சீட்டு முறை உண்டு. அதைச் சர்க்காரே சட்டத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாட்டில் குறையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். தலைக்கட்டு உரிமை உள்ள பட்டினவர் குலத்தாருக்குத்தான் சீட்டு. ஏரியில் இறங்கி, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டில் பெயர் இல்லை. புதிதாய் மீன் பிடிக்க வந்த மற்றச் சமூகத்தாருக்கும் இல்லை. இதனால் சச்சரவுகள் நேர்ந்ததுண்டு. சொந்த ஊரில் அனுபவித்த நியாயத்தை அடுத்த தெருவுக்கும் கொடுப்பதுதான் ஸ்வராஜ்யம் என்று இந்தத் தேசத்துக்குப் போதித்தவர்கள் சொன்னதைக் குப்பத்துப் பெரியவர்களும் நினைக்க வேண்டும்.

ஆனால் பாட்டின் தத்துவம் மிக உயர்ந்தது. நிச்சயமின்மை என்பது ஏரியின் இயற்கை; அதை ஒருவன் தலையில் மட்டும் கட்டாதே என்பதே அதன் சாரம். இன்றைய பெரிய வியாபார உலகத்திலோ லாபம் மேலே ஏறுகிறது, நிச்சயமின்மை கீழே இறங்குகிறது. வாஷிங்டனில் வரி மாறினால் கோட்டைக்குப்பத்தில் விலை மாறுகிறது. சென்னையில் ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தால் திருப்பாலைவனத்தில் ஒரு கடைக்காரர் கடன் வாங்கத் தயங்குகிறார். சீட்டுக் குலுக்காமலே கெட்ட பாடு எப்பொழுதும் ஒரே வீட்டுக்கு விழுகிறது.

*

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்டுக்கொள்வது தானமோ சலுகையோ அல்ல. முதலாவது, முகத்துவாரம்: சுவர் கட்டியதோடு காரியம் முடிந்தது என்று எண்ணாமல், வருஷந்தோறும் எந்த மாதத்தில் யார் மணலை வாருவது, பணம் எந்தக் கணக்கிலிருந்து என்பதை மழைக் காலத்துக்கு முன்பே எழுதிக் குப்பத்துச் சாவடியில் ஒட்டிவிட வேண்டும். இரண்டாவது, துறைமுகம்: உண்டு அல்லது இல்லை என்று பகிரங்கமாகத் தீர்மானம் சொல்லவேண்டும். கூட்டம் போட்டால் குறித்த நாளில், குறித்த இடத்தில், ஜனங்களுக்கு விளங்கும் பாஷையில் போடவேண்டும். இல்லை என்று தீர்ந்தால், அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தேர்தல் மேடைகளில் சொன்னது போதாது. மூன்றாவது, கடன்: மீன் போட்டாக வேண்டும் என்ற நிபந்தனையில்லாத கடன் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகக் கிடைத்தால், கரை வியாபாரிக்கும் மீனவனுக்கும் இடையே உள்ள விலங்கு தளரும், இருவரும் மனிதர்களாகப் பேரம் பேசலாம். அந்தச் சங்கத்திலே இருளர்களுக்கும், கூடை சுமக்கும் ஸ்திரீகளுக்கும், பனையோலையில் பெட்டி முடையும் பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சுதேசி என்பது கதர்த் துணியோடு நின்றுவிடுகிற சமாசாரம் அல்ல. நம் சமையலறைக்கு வரும் இறால் எந்தக் கரையிலிருந்து வந்தது, அதைப் பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பதும் சுதேசிதான். அமெரிக்கா வரி போட்ட மாதத்தில் நம் ஊர்ச் சந்தை அந்தச் சரக்கைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருந்தால் சுமை சற்றாவது லேசாகியிருக்கும். பட்டணத்தார் மீன் வாங்கப் போகும்போது, வதந்தியைக் கேட்டுத் திரும்பிவிடாமல், கூடைக்காரியிடம் விசாரித்து வாங்கட்டும்.

தமிழில் 'பாடு' என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. முறை என்றும், உழைப்பு என்றும், துன்பம் என்றும் அதற்கு அர்த்தம். பழவேற்காட்டு ஜனங்கள் உழைப்பதற்கு அஞ்சியவர்கள் அல்ல. துன்பமும் அவர்களுக்குப் பழக்கந்தான். முறை மட்டும் தவறாமல் வரட்டும் என்கிறார்கள். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.